ஸ்டெல்லா மூச்சு வாங்கும் இடம்

வியாழன், இரவு.

இன்று ஒத்திகையில் என் கை பாதியில் நின்றுவிட்டது. காட்பாடி பல்கலைக்கழகத்தில் பாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் பியானோ வாசிக்கிறவன் நான். நோட்டைப் பார்ப்பதைவிட, பாடுகிறவரின் மூச்சைக் கேட்டுத்தான் வாசிப்பேன். அதுதான் என் பிழைப்பு.

பாட்டு நான் எழுதியது. இத்தனை வருஷமும் என் மனைவி ஸ்டெல்லாதான் பாடினாள். மூன்றாவது வரி நீளம், ஒரே மூச்சில் அவளால் முடியாது. தோல் பதனிடும் டேனரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், ஆஸ்துமா இழுப்பு இருந்தது. நடுவில் மூச்சு வாங்குவாள், நான் காத்திருப்பேன். நோட்டில் அது கிடையாது. அவள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இன்று பாடியது ஆம்பூர்ப் பெண் நஸ்ரின். அவள் நிற்காமல் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

"யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?"

"அங்க ஒரு மூச்சு எடுத்துக்கோம்மா."

"வேணாம் சார். எனக்கு மூச்சு ஜாஸ்தி."

எரிச்சலாக வந்தது. நான் எழுதினபடியே முதல் தடவையாக ஒருத்தி பாடுகிறாள், அதற்குப் போய் எரிச்சல்.

போனில் பதிவு செய்ததை நஸ்ரின் அனுப்பியிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன். அந்த இடத்தில், அவள் குரலுக்கு அடியில், யாரோ மூச்சு வாங்குவது கேட்கிறது. சின்னதாக, இழுத்து இழுத்து. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

என் மூச்சாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இழுப்பு கிடையாது.