மையத்தைக் குளிப்பாட்டியவர்

உம்மாவுக்கு, ஸலாம்.

பேராதனையில் விடாத மழை. நேற்று விடுதியில் மேனகாவின் லப்டொப்பில் ஒரு துப்பறியும் படம் பார்த்தோம். நம்மவர்களின் ஊர் ஒன்றில் நடக்கிற கதை. கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி, ஒருவன் தன் மனைவியை அசர் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிடுகிறான். "புருஷன்தான் செஞ்சிருப்பான், பாருடி" என்று மேனகா பாதியிலேயே சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

துப்பறிபவர் கடைசியில், அடக்குவதற்கு முன் அவளுடைய உடலை, அந்த மையத்தைக் குளிப்பாட்டிய பெண்ணிடம் போகிறார். கழுத்தில் கண்ட தடங்களை அவள் அழுதுகொண்டே சொல்கிறாள்.

உங்கள் மூத்த மகளை, என் ராத்தாவை, நீங்கள்தான் குளிப்பாட்டினீர்கள். படியில் விழுந்தாள் என்று மச்சான் சொன்னார். நீங்கள் அறையை விட்டு வந்ததும் உங்கள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.

"மையத்துல கண்டத வெளியில செல்லப்படாது, மகள். மறைச்சாத்தான் நன்மை."

மார்க்கம் மறைக்கச் சொன்னது இறந்தவளின் குறையை, உம்மா. அவளுக்கு யாரும் செய்ததை அல்ல.

இப்போது ராத்தாவின் பிள்ளைக்குத் தாய் வேண்டும், அதனால் மச்சானுக்கு என்னையே முடித்துவைக்கலாம் என்கிறீர்கள். பிள்ளையை நான் வளர்ப்பேன். வெள்ளிக்கிழமை கம்பளைக்கு வருகிறேன். நிக்காஹ் பேச்சை எடுப்பதற்கு முன்னால், ராத்தாவின் உடம்பில் என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ஒன்றுமே காணவில்லை என்றால் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் நம்பிவிடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

உங்களுக்கு மிஞ்சியிருக்கும் மகள்