நாற்பத்தொன்றாவது குரல்

வடக்குத்து, நெய்வேலி
22-06-2025, ஞாயிறு

அன்புள்ள நந்தினிக்கும், இதை அவளுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் வார்டன் அம்மாவுக்கும்,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். உன் அம்மா ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்கு வந்தபோது உங்கள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்லிவிட்டார். பருப்பு நீச்சல் தெரியாமல் மூழ்கிவிட்டதாமே.

போன் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடிதம் மட்டும்தான் என்று இந்தக் காலத்தில் ஒரு பள்ளிக்கூடமா? போஸ்ட் ஆபீசில் போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு பாப்பா, மியூசியத்துல வைக்கவா?" என்றார்.

பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இப்போது நான் இங்கே பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ், நீ நாமக்கல் பக்கத்தில் டாக்டர் கனவு. உன் இடத்தில் இசைப்பிரியா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். இன்றைக்கு ஜோக் சொன்னால் நாளைக்குச் சிரிக்கிறாள்.

முக்கியச் செய்தி இனிமேல்தான். நம் 'ஒன்பது கோட்டை' கேமில் ஏழாவது கோட்டையைப் பிடித்துவிட்டேன். அத்தாவின் கடைக் கம்ப்யூட்டரில்தான், ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து. நீ விட்டுப்போன அதே ஆட்டம். நம் ஏணி ஏகாம்பரம் இன்னும் உயிரோடு இருக்கிறார். கேம் எழுதிய புண்ணியவான் அவருக்கு ஒரு பெயர்கூட வைக்காமல் வெறும் 'ஏணிக்காரன்' என்று போட்டானே, அவரேதான். அவர் பிடிக்கும் ஏணியில் ஏறித்தான் எல்லா வீரரும் மதிலைத் தாண்டுகிறார்கள். ஏறியதும் மறந்துவிடுகிறார்கள். ஏழு கோட்டையிலும் ராஜா அவரைப் பார்த்து, "நீ யார்?" என்றே கேட்கிறார். மூன்றாவது கோட்டையில் ராணி ஈரச் சால்வையை அவர் மேல் காயப் போட்டாளே, நினைவிருக்கிறதா? இந்தத் தடவை ஜெயித்தவர்களுக்கெல்லாம் சிலை வைத்தார்கள். ஏணிக்குக்கூட ஒரு சிலை. பிடித்தவருக்கு இல்லை.

ஆக, ஏகாம்பரம் மதிலுக்கு வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறார். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
ஏழாம் கோட்டையின் அதிபதி, நாலாம் பாடத்தில் ஃபெயில்,
சாஹிரா


விடுதி, நாமக்கல் அருகில்
06-07-2025

அன்புள்ள சாஹிரா,

உன் கடிதம் வந்தது. வந்த பிறகு எனக்கு நடந்ததையும் கேள்.

வார்டன் கண்ணகி அம்மா என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். உன் கடைசி வரிகளின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. "யாரு கண்ணு இந்த ஏகாம்பரம்? எந்தூருப் பையன்?" என்றார். கம்ப்யூட்டர் கேமில் வருகிறவர் என்றேன். நம்பவில்லை. கோட்டை, ராஜா எல்லாம் சங்கேத வார்த்தையாம். அன்று சாயங்காலமே வாட்ச்மேன் ஒருவர் டார்ச்சோடு மதிலைச் சுற்றிவந்து, எங்காவது ஏணி இருக்கிறதா என்று பார்த்தார். பெயின்ட் அடிக்கிறவர்கள் விட்டுப்போன ஒன்று இருந்தது. நிலைமையை நீயே யோசித்துக்கொள்.

படிப்பு பரவாயில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். வரிசையில் நின்று நம்பர் சொல்ல வேண்டும். நான் இருபத்தேழு.

உன் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

நந்தினி


வடக்குத்து
13-07-2025

அன்புள்ள இருபத்தேழே,

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்துச் சிரித்ததில், ஒருத்தருடைய ஆதார் அட்டையைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அத்தா, "சிரிச்சிக்கினே வேல பாத்தா இப்பிடித்தான்" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டு உன் கணக்கு.

வார்டன் அம்மா அவர்களின் மேலான கவனத்துக்கு: ஏகாம்பரம் என்பவர் உயிருள்ள நபர் அல்ல. உயரம் ஒன்றரை இஞ்ச். பச்சைத் தொப்பி. சொந்த ஊர், கம்ப்யூட்டர். அவர் இதுவரை எந்த மதிலையும் ஏறியதில்லை, ஏறவும் மாட்டார். அதுதான் அவர் பிரச்சினையே. அடையாளத்துக்கு அவர் படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கறுப்பு வெள்ளை ஜெராக்சில் தொப்பி எது, தலை எது என்று தெரியாது. பரவாயில்லை, கலரிலும் தெரியாது.

நம் ஊர்ச் செய்தி: மழை வரும் போல் இருட்டிக்கொண்டு வந்து, அனல்மின் நிலையச் சாம்பலைத் தூவிவிட்டுப் போய்விட்டது. உன் அப்பாவை மைன்ஸ் பஸ்ஸில் பார்த்தேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் குவார்ட்டர்ஸ் கொய்யா மரத்தில் காய் பிடித்திருக்கிறது. நீ இல்லாததால் அணில்களுக்குப் போட்டி இல்லை.

எட்டாவது கோட்டை தொடங்கிவிட்டேன். நேற்று விருந்துக் காட்சி வந்தது. சமையல்காரன் தலையை எண்ணி இலை போடுகிறான், சரியாக ஒரு இலை குறைகிறது. யாருக்கு என்று சொல்ல வேண்டுமா? பிறகு எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நம் ஆள் வெளியே நின்று கையாட்டுகிறார், கதவைப் பார்த்து. இசைப்பிரியாவிடம் காட்டினேன். "பாவம்டி" என்றாள். அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

இப்படிக்கு,
தலையில் குட்டு வாங்கிய
சாஹிரா


விடுதி
27-07-2025

அன்புள்ள சாஹிரா,

படம் கிடைத்தது. வார்டன் அம்மா இப்போது நம்புகிறார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏகாம்பரம் ஜோக் இனி வேண்டாம். அவர் வெளியே நின்று கையாட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படிப் போகிற பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டியவள்தான்.

போன நவம்பர் டூரைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. பரீட்சை வந்தது, லீவு வந்தது, நான் இங்கே வந்துவிட்டேன். நேரில் கேட்க வாய் வரவில்லை, எழுத்தில் கேட்கிறேன். பிச்சாவரத்தில் நாற்பது பெண்களில் ஒருத்தியை விட்டுவிட்டுப் பஸ் கிளம்பியது. மற்றவர்கள் கவனிக்கவில்லை, சரி. வாந்தி வரும் என்று நான் எப்போதும் டிரைவர் பக்கம் முன்சீட்டில்தான் உட்காருவேன். நீ கடைசி சீட்டில் இருந்தாய். அதுவும் சரி.

நீ எந்த ஊர் வந்தபோது கவனித்தாய்? சிதம்பரமா, புவனகிரியா, சேத்தியாத்தோப்பா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

நந்தினி


வடக்குத்து
10-08-2025

நந்து,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மகள் என்பதால் காகிதத்துக்குக் குறைவில்லை. தைரியத்துக்குத்தான்.

எந்த ஊரிலும் நான் கவனிக்கவில்லை. பஸ் நம் பள்ளி வாசலில் நின்று, உன் அம்மா, "எம்பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் எனக்கும் தெரிந்தது.

ஆனால் உனக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது.

அன்று புஷ்பவல்லி டீச்சர் எப்படி எண்ணினார் என்று நினைவிருக்கிறதா? முன்சீட்டிலிருந்து ஒவ்வொருத்தியாக நம்பர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நீ ஒன்று. கடைசி சீட்டு மூலையில் நான் நாற்பது. காலையில் கிளம்பும்போது நான் நாற்பது என்று சொன்னதும், தொண்டை கட்டிய மாதிரி தடித்த குரலில் நாற்பத்தொன்று என்று ஒரு குரல் வந்ததே, எல்லாரும் சிரித்தோமே. அது ஏகாம்பரம். அதாவது நான். டீச்சர் திரும்ப எண்ணினார். சிதம்பரத்தில் டிபனுக்கு நிறுத்தியபோதும் அதையே செய்தேன். மறுபடி நாற்பத்தொன்று. டீச்சர் நொந்துபோய், "எந்தப் பிசாசுடி அது?" என்றார். நீயும் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாய்.

பிச்சாவரத்தில் திரும்பும்போது மூன்றாவது தடவை. எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள், மூலையில் நான் மட்டும் அப்படியே. ஏகாம்பரம் நாற்பது என்றார். டீச்சர், "அப்பாடா, இப்பதான் ஒழுங்கா வந்திருக்கு. வண்டிய எடுங்கண்ணே" என்றார்.

அவருக்கு முன்னால் நான் முப்பத்தொன்பது சொல்லியிருந்தேன், நந்து. காலையிலிருந்து நாற்பது சொன்ன அதே வாயால். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரில் அந்தக் கணக்குத் தப்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு நிமிஷம் உறுத்தியது. எவளோ தூங்கிக்கொண்டு நம்பர் சொல்லவில்லை என்று நினைத்தேன். எழுந்து நின்று பார்க்கவில்லை. பார்த்தால் அந்தப் பிசாசு நான்தான் என்று தெரிந்துவிடும். அதற்குள் பின்சீட்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். நானும் பாடினேன்.

ஆகவே உன்னை யாரும் கவனிக்காமல் விடவில்லை. உன் இடத்தில் நான் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயம். பிறகு சொல்லாமல் இருந்ததற்குப் பயம். அந்த ஜோக்கையே திரும்பத் திரும்ப எழுதினால் அது வெறும் ஜோக்காகவே இருந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சாஹிரா


வடக்குத்து
31-08-2025

நந்து,

மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. பதில் கேட்டு எழுதவில்லை. இரண்டு செய்தி மட்டும்.

புஷ்பவல்லி டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த டூருக்குப் பிறகு அவரை எந்த டூருக்கும் அனுப்புவதில்லை, தெரியுமில்லையா. என்னைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஒரு கொரலு தடியா கேட்டுச்சு. யாருக்கோ சளின்னு நெனச்சன்டி. கேர்ள்ஸ் ஸ்கூலு வண்டியில ஆம்பளக் கொரலு கேட்டும் சளின்னு நெனச்ச எம்புத்திய என்னன்னு சொல்றது" என்றார். அழுதது நான்தான். திங்கட்கிழமை ஹெச்.எம். அறைக்கு என்னையே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தார். ஒரு மாதம் காலை பிரேயருக்கு ஆட்களை எண்ணும் வேலை எனக்குத் தண்டனை. எண்ணுகிறேன். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து எண்ணுகிறேன்.

இரண்டாவது. ஜோக் இல்லை, சத்தியம். எட்டாவது கோட்டையில் பெரிய கதவுக்குள் ஒரு ஆள் மட்டும் நுழைகிற மாதிரி சின்னத் திட்டிவாசல் ஒன்று இருக்கிறது. உள்ளே போன ஒரு வீரன் திரும்பி நடந்துவந்து அதைத் திறந்தால் ஏணிக்காரரும் உள்ளே வரலாம். அதற்கு நம் மூன்று நகர்வு வீணாகும். அதனால் நாம் செய்ததே இல்லை. இந்தத் தடவை செய்தேன். இரண்டு குதிரைவீரர்களை இழந்தேன். அவர் உள்ளே வந்தார். ராஜா வழக்கம்போல, "நீ யார்?" என்றார். ஏணிக்காரர் திரும்பி வாசலைப் பார்த்து, "எல்லாரும் வந்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவருக்கு வசனம் இருக்கிறது என்பதே நமக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒன்பதாவது கோட்டையை நான் தொடவில்லை.

சாஹிரா


விடுதி
21-09-2025

அன்புள்ள சாஹிரா,

உன் ஆகஸ்ட் பத்தாம் தேதிக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். மறுநாள் ஒட்டினேன். வார்டன் அம்மாதான் பசை கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறாரே. தினமும் காலை எண்ணிக்கை முடிந்ததும் என் பக்கம் வந்து, "பதில் போட்டயா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் அடுத்த கடிதத்தை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "அந்த ஏணிக்காரன் உள்ள வந்துட்டான், படி" என்றார்.

கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நீ பாடினாய் என்ற வரியில்தான் கிழித்தேன்.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று என் செருப்பு வார் அறுந்துவிட்டது. போட் ஹவுஸ் பின்னால் அதைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அங்கே வெள்ளரிக்காய் விற்கும் கலியம்மாள் என்று ஒரு அக்கா. "உன்ன வுட்டுட்டுப் பூட்டாங்களா? இந்தா போனு, வூட்டுக்குப் பேசு" என்று நீட்டினார். அம்மா நம்பர் எனக்குத் தெரியும். உங்கள் கடை நம்பரும் தெரியும், ஜெராக்ஸ் கவர் முழுக்க அதுதானே அச்சடித்திருக்கிறது. நான் பேசவில்லை. "சொல்லிட்டுத்தான்க்கா போனாங்க, திரும்பி வருவாங்க" என்று பொய் சொன்னேன். நீயாகக் கண்டுபிடித்து வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது சிதம்பரத்தில் பார்த்திருப்பாள், இப்போது புவனகிரியில் கத்தியிருப்பாள் என்று ஊர் ஊராக உனக்கு நேரம் கொடுத்தேன். என்னைத் தேடி ஆள் வரும்வரை மூன்றரை மணி நேரம். ஒரு போனில் முடிந்திருக்கும். அம்மா அன்று வாசலில் அழுதது என்னாலும்தான். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நீ முப்பத்தொன்பது சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாய். நான் அம்மாவின் பத்து இலக்க நம்பரைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிப் பாதி என்று சொல்ல மாட்டேன், உன் பக்கம்தான் எடை அதிகம். ஆனால் தராசில் நானும் இருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு லீவு விடுகிறார்கள். வரும் சனிக்கிழமை சேலம் பஸ்ஸில் வருகிறேன். நாலு மணி வாக்கில் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குவேன். அம்மாவுக்கு, நீ வந்து கூட்டிப்போவாய் என்று எழுதிவிட்டேன், அதனால் வராமல் இருந்துவிடாதே. அங்கிருந்து நேராகக் கடைக்கு. ஒன்பதாவது கோட்டை. திட்டிவாசலை நான் திறப்பேன், ஏணிக்காரரை நீ நடத்திக்கொண்டு வா.

நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரு தடவை எண்ணு. நீ ஒன்று, நான் இரண்டு. மூன்று என்று தடித்த குரல் ஏதாவது வந்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

நந்தினி

பி.கு: வார்டன் அம்மா, ஒன்பதாவது கோட்டையில் என்ன ஆயிற்று என்று எழுதச் சொன்னார். லீவு முடிந்து வந்து நானே சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதாம். நீ எழுதிவிடு, அவர் பெயருக்கே.