ஓரியின் மூன்றாவது கோல்

ஜனவரி 9, வியாழன்

கார் எஞ்சின் உறையாமல் இருக்க ராத்திரி அதன் ஹீட்டர் ஒயரைச் சொருக வேண்டும். இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என் வீட்டுக்காரன் லைல் மறந்துவிட்டான். மைனஸ் முப்பத்தொன்று. காலையில் சாவியைத் திருகினால் கார் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பேக்கரி வேலைக்கு நடந்தே போனேன். மூக்கு இருக்கிறதா என்று வழியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் டுவெய்னின் டயர் கடையில் ரசிகர் மன்றக் கூட்டம். கிளப் ஒருவழியாக மனசு வைத்துவிட்டதாம். பிப்ரவரி 15 ஆட்டத்தன்று பழைய ஆட்டக்காரன் ஓரெஸ்ட் ஹொலோவாட்டியின் பதினேழாம் எண்ணைக் கொடியில் பொறித்து ஐஸ் ஹாக்கி ரிங்க் கூரையில் ஏற்றப்போகிறார்கள். இனி எங்கள் மில்லர்ஸ் அணியில் வேறு யாரும் அந்த எண்ணைப் போட முடியாது. நம்ம ஓரி! விழா மலரில் அவனைப் பற்றி ஒரு பக்கம் நான் எழுத வேண்டும்.

"வாய் பெருசா இருக்கிறவங்கதான் எழுதணும்" என்றான் டுவெய்ன். மன்றத் தலைவன்தான், நினைப்பு மட்டும் பிரதமர் என்று.

எதை எழுதுவது என்பதில் குழப்பமே இல்லை. எண்பத்தாறாம் வருஷ இறுதி ஆட்டம், பைன் லேக் அணிக்கு எதிராக ஓரி ஒருவனே மூன்று கோல் போட்டது. ஒருவனே மூன்று போட்டால் தலையில் இருப்பதைக் கழற்றிப் பனியில் எறிய வேண்டும், அது வழக்கம். அன்று எல்லோரும் எறிந்தோம். குழப்பம், அந்த மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்பதில்.

டுவெய்ன் சொன்னான்: "கோலுக்குப் பின்னால சுத்தி வந்து, மட்டையைத் திருப்பிப் பின்பக்கமா தட்டினான்."

"உளறாத" என்றாள் மன்றத்தில் எங்களோடு இருக்கும் பெர்னடெட். "மண்டி போட்டு விழுந்து கெடந்தான். கெடந்தபடியே தள்ளினான்."

இரண்டும் பொய். என் இருக்கை பெனால்ட்டி பெட்டிக்கு நேர் பின்னால். முரட்டாட்டம் ஆடுகிறவனை உட்காரவைக்கும் அந்தப் பெட்டி ஓரிக்கு இரண்டாம் வீடு. வந்து உட்காரும்போதெல்லாம் கண்ணாடி இடுக்கு வழியாக "மறுபடியுமா?" என்பேன். திரும்பிச் சிரிப்பான். அன்றும் சிரித்தான். தண்டனை நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே குதித்தான், பக் என்கிற அந்த ரப்பர் வட்டு அவன் காலடிக்கே வந்தது, எதிரே கோல் காக்கிற கோலி மட்டும். போட்டான். நான் என் சிவப்புக் கம்பளித் தொப்பியை எறிந்தேன்.

வீட்டுக்கு வந்து லைலிடம் சொன்னால், அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறான்: "நீ அன்னிக்கு ரிங்க்லயே இல்லையே மார்லீன். உங்க அக்கா வீட்லேருந்து வரப்ப பனிப்புயல்ல மாட்டிக்கிட்டோம். கார்ல ரேடியோவுலதானே கேட்டோம்."

"அப்ப என் சிவப்புத் தொப்பி எங்க?"

"அதை நீ பஸ்ல தொலைச்ச."

ஜனவரி 10, வெள்ளி

ரேடியோவில் கேட்டதையா கண்ணால் பார்த்ததாக... இல்லை. பெட்டிக் கதவு திறந்த சத்தம்கூட நினைவிருக்கிறது. ரேடியோவில் கதவுச் சத்தம் கேட்குமா? கேட்குமோ?

ஜனவரி 12, ஞாயிறு

இத்தனை சண்டை எதற்கு, போட்டவனையே கேட்டுவிடலாம் என்று ஓரி இப்போது இருக்கிற ரெஜைனா நகரத்துக்குப் போன் போட்டேன். அவன் மனைவி லூசில் எடுத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

அதே குரல். அதே கலகலப்பு. "மார்லீனா? அட, எப்படி இருக்கீங்க!" எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இறுதி ஆட்டம், அந்த மூன்றாவது கோல், நீயே சொல்லப்பா, பெட்டியிலிருந்து குதித்துத்தானே போட்டாய் என்று கடகடவென்று கேட்டேன்.

அவன் மெதுவாகக் கேட்டான்:

"நான் நல்லா விளையாடினேனா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான். "நல்லா விளையாடினப்பா" என்றேன். "அப்படியா? சந்தோஷம்" என்றான்.

லூசில் போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்ப் பேசினாள். மூன்று வருஷமாக இப்படியாம். தலையில் வாங்கிய அடிகள் என்கிறார் டாக்டர். என்னை யார் என்று தெரியாமலேதான் பேசியிருக்கிறான். யார் கூப்பிட்டாலும் அப்படித்தானாம். சத்தம் ஆகவே ஆகாது. மிக்ஸி போட்டால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் நிற்கிறான்.

"விழாவுக்கு எப்படிக் கூட்டிட்டு வர்றது, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

நான் நல்லா விளையாடினேனா. ரொட்டிக்குப் பதில் பன்னை எடுத்துக் கொடுத்தேன், எல்லோருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

மன்றத்தில் சொன்னேன். பெர்னடெட் அழுதாள். டுவெய்ன் டயர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவன் இல்லாமலே நடத்திடலாம். பழைய வீடியோ போடுவோம், ஹாரன் அடிப்போம், ஜனங்களுக்கும் திருப்தி" என்றான். அந்த ஹாரன்! ஏதோ பழைய ரயில் எஞ்சினிலிருந்து கழற்றி ரிங்கில் மாட்டியிருக்கிறான். கோல் விழுந்தால் அடுத்த ஊர் மாடு மிரளும்.

"ஆள் உயிரோட இருக்கான். கருமாதி மாதிரி நடத்தணுமா?" என்று கத்திவிட்டேன்.

"வந்து நின்னு, நான் யாருன்னு கேட்டா? ஊர் முன்னாடி அவனை அப்படி நிறுத்தணுமா உனக்கு?"

மறுபடி கத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் லைலிடம் புலம்பினேன். பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டான்: "அவன் சண்டைக்குப் போறப்பெல்லாம் அடி, விடாதன்னு எழுந்து நின்னு கத்தினது யாரு? நீயும் நானும்தானே?"

கைத்துணியை அவன் மேல் எறிந்தேன். அவன் துணியை எடுத்து மடித்து வைத்தான். எல்லா ஊரிலும்தான் கத்துகிறார்கள். எல்லோரும் கத்தினால் யாரும் கத்தவில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு எதுவும் விளங்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

லூசில் தானே கூப்பிட்டாள். யாரோ அவனிடம் விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டார்களாம். அது முதல் காலையில் எழுந்ததும் ஸ்கேட்டைப் பையில் போட்டு வாசலில் வைக்கிறான். "இன்னிக்கு ஆட்டம்" என்கிறான். எடுத்து உள்ளே வைத்தால் மறுநாளும் வைக்கிறான்.

"கூட்டிட்டு வரேன் மார்லீன். ஆனா சத்தம் இருக்கக்கூடாது. கைதட்டல்கூட வேண்டாம். பயந்துட்டான்னா அப்புறம் ஒரு வாரத்துக்குத் தூங்கமாட்டான். முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன்! எந்த தைரியத்தில் சொன்னேன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

டுவெய்ன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஹாக்கி பார்க்க வர்ற கூட்டத்தை வாயை மூடுன்னு சொல்றதா? அதுக்குப் பேசாம காத்தை அடிக்காதேன்னு சொல்லலாம்."

"தொப்பி" என்றேன்.

"என்ன தொப்பி?"

"தொப்பி விழுந்தா சத்தம் வராது."

டுவெய்ன் எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டு வந்தான். "ஹாரன் ஒயரை நானே பிடுங்கிடறேன்" என்றான். எங்கள் பிரதமர் வாயிலிருந்து அதை வரவழைக்க எதிர்க்கட்சியாலும் முடிந்திருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச் வாசலில், பள்ளிக்கூடத்தில், பேக்கரியில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியாயிற்று. வாயைத் திறக்காதீர்கள், கை தட்டாதீர்கள், தொப்பி மட்டும். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒருத்தன் விசில் அடித்தால் போதும், எல்லாம் போச்சு.

அவனுக்காகத்தான் செய்கிறோமா? அவனுக்கு அந்த இரவே இல்லையே. இருப்பது எங்களிடம்தான், அதுவும் ஆளுக்கொரு விதமாக. என்னை அடையாளம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆசை.

பிப்ரவரி 12, புதன்

மலர் அச்சுக்குப் போகிறது. நான் எழுதிக் கொடுத்தது: "அன்று ஓரி மூன்று கோல் போட்டான். மூன்றாவது எப்படி விழுந்தது என்று பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேளுங்கள்." டுவெய்ன் படித்துவிட்டு, இதற்கு ஒரு மாதமா என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். பிறகு நானும் ஒரு கதை கட்டிவிடுவேன்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ரிங்க் நிரம்பிவிட்டது. பக்கவாட்டுக் கதவு வழியாக லூசில் அவனைக் கூட்டி வந்தாள். தலை நரைத்திருக்கிறது, தோள் மட்டும் பழைய தோள். சாம்பல் நிறத் தொப்பி. நான் கை கொடுத்தேன். "நீங்க இங்கேதான் வேலை பார்க்கறீங்களா?" என்றான் மரியாதையாக. ஆமாம் என்றேன்.

பெரிய மனிதர்கள் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நேராக நடந்து போய்ப் பெனால்ட்டி பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டான். லூசில் என்னைப் பார்த்தாள். "விடுங்க, அதான் அவன் இடம்" என்றேன். லைலும் நானும் எங்கள் இருக்கைக்குப் போனோம்.

கண்ணாடி இடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன்: "மறுபடியுமா?"

திரும்பினான். சிரித்தான். யாரென்று தெரிந்து சிரித்தானா, யாரைப் பார்த்தாலும் சிரிக்கும் சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பதினேழாம் எண் கயிற்றில் மேலே போனது. கப்பி கிறீச்சிட்டது, அவ்வளவுதான் சத்தம். இந்த ஊருக்கு இவ்வளவு மௌனம் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. முதல் தொப்பி டுவெய்னுடையது. பிறகு எல்லாப் பக்கமிருந்தும் சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, குழந்தைத் தொப்பி. பனியே தெரியாத அளவுக்கு விழுந்தது. என்னுடையதையும் எறிந்தேன்.

ஓரி துள்ளி எழுந்தான். பயந்துவிட்டான் என்று லூசில் ஓடி வந்தாள். அவன் பயப்படவில்லை. முகமெல்லாம் வெளிச்சம். என் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் தட்டினான்.

"யாரோ மூணாவது போட்டுட்டான்! யாரு? யாரு போட்டது?"

"நம்ம பையன்தான்" என்றேன் எப்படியோ.

"நம்ம பையனா!" தன் தலையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி, பெட்டிக்கு மேலாக, முழு பலத்தோடு பனியில் வீசினான். வேறு எவனோ போட்ட கோலுக்கு அவ்வளவு சந்தோஷம். "எப்படிப் போட்டான்? நான் பார்க்கலையே."

சொன்னேன். இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தான், கதவைத் திறந்து குதித்தான், பக் காலடிக்கு வந்தது, எதிரே கோலி மட்டும். அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினான். தொடையில் அடித்துக்கொண்டான்.

"நீங்க பார்த்தீங்களா?"

என்ன சொல்வது? ஒரு மாதமாக எனக்கே தெரியாத விஷயம். நான் விழித்துக்கொண்டு நிற்க, லைல் இடுக்கில் குனிந்து சொன்னான்:

"பார்த்தோம். ரெண்டு பேரும் பார்த்தோம்."

பிப்ரவரி 18, செவ்வாய்

தொப்பிகளைச் சாக்கில் அள்ளி டயர் கடையில் வைத்திருக்கிறார்கள். ஊரே போய்ப் பொறுக்குகிறது. நானும் வேலை முடிந்து போனேன். டுவெய்ன் ஓரியின் சாம்பல் தொப்பியைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். அனுப்பட்டுமா என்று அங்கிருந்தே லூசிலுக்குப் போன் போட்டேன். மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினானாம். தொப்பி விஷயத்தை அவனிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"வேண்டாமாம். கோலுக்கு எறிஞ்சதை யாராவது திருப்பி வாங்குவாங்களான்னு திட்டறான்."

என் தொப்பி சாக்கின் மேலேயே கிடந்தது. எடுக்காமல் வந்துவிட்டேன். வீடு வருவதற்குள் காது இரண்டும் விறைத்துவிட்டது.

"எங்க உன் தொப்பி?" என்றான் லைல்.

"ரிங்க்ல எறிஞ்சேன்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "ஆமாம், எறிஞ்ச" என்றான். பிறகு வெளியே போய்க் காருக்கு ஒயரைச் சொருகிவிட்டு வந்தான்.