பஸ்ஸுக்காகப் போட்ட டிக்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் ஃபோனின் முதுகைக் கழற்றிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு உள்ளே துடைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபிளாப்பி டிரைவ்களைத் துடைத்துத் துடைத்து நம் கைகளில் ஏறிய வாடை அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் மணக்கும்.

"ஆன்டி, ஃபோன் ரெடி லா" என்று அவர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாளாக உனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதினால் நல்லவிதமாக எழுத வேண்டும், செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் எழுதுவார்கள் என்று சும்மா இருந்தேன். ஆனால் உன்னைப் பற்றி நல்லவிதமாக மட்டும் எழுத என்னால் முடியாது. என்னைப் பற்றி எழுதவோ நல்லதாக ஒன்றுமே இல்லை.

நமக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது. தொண்ணூறுகளின் கடைசி. நீ ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வில், கணக்கில் நல்ல தேர்ச்சி வாங்கியும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் ஃபேக்டரிக்கு வந்தவள். நான் ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டு வந்தவள். இரண்டு பேருக்கும் தரப் பரிசோதனையில் வேலை. ஒவ்வொரு டிரைவையும் ஓடவிட்டுப் பார்த்து, செக்லிஸ்ட்டில் ஒன்பது இடத்தில் டிக் போட வேண்டும். ஷிஃப்ட் முடிய அரைமணி இருக்கும்போது கடைசி டிரே வரும். ஃபேக்டரி பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் கடைசி டிரேக்கு எல்லாரும் பார்க்காமலே மளமளவென்று டிக் போட்டுவிடுவோம். "பஸ் டிக்" என்று அதற்குப் பேர்கூட வைத்திருந்தோம். லீடருக்கும் தெரியும், அவளும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். நீ ஒருத்திதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசி டிரைவ்வரை பார்ப்பாய். இரண்டு முறை பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறாய். "பாக்காம டிக் போட்டா அது பொய்தானேடி" என்றாய். நாங்கள் சிரித்தோம்.

சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தாய். அங்கேதான் உனக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த மாடி அறையில், மூடி இல்லாத ஒரு கணினி வந்து உட்கார்ந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு எழுதும் மென்பொருளை ("எழுதி" என்றுதான் நாம் அதைக் கூப்பிட்டோம்) பிரித்து, அதில் தமிழ் தெரிய வைக்கிறேன் என்று கிளம்பினாய். நாலே மாதத்தில் தெரியவும் வைத்தாய். கறுப்புத் திரையில் முதல் முறையாக "அம்மா" என்று வந்தபோது நீ சிரிக்கவில்லை. "ம்மா ரொம்ப நெருக்கமா நிக்குது" என்று குறை சொன்னாய்.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஏதோ அலுவலகம் ஏழு பழைய கணினிகளைத் தானமாகக் கொடுத்திருந்தது. தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் பிடுங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வெறும் கூடு. தலைமையாசிரியை உன்னிடம் வந்து, "இதுல பிள்ளைங்க தமிழ்ல எழுதுற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டார். நீ உடனே தலையாட்டிவிட்டாய். ஃபேக்டரியில் மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாய். இது நன்றாக முடிந்தால் உன்னைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொள்வதாகக் கணினி வகுப்பு நடத்தியவர் சொல்லியிருந்தார். இன்னும் நாலைந்து பள்ளிகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஸ்டூலைவிட்டு எழுந்து போக உனக்கு இருந்தது அந்த ஒரே வழி.

ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினியை ஒரு ஃபிளாப்பியில் அடங்கும் குட்டி லினக்ஸை வைத்து எழுப்பலாம். ஆனால் அந்தக் குட்டியிடம் ஒன்றுமே கிடையாது. தமிழ் கிடையாது, எழுத்துரு கிடையாது, தமிழ் விசைப்பலகை அமைப்பு கிடையாது. ஆகவே நம் எழுதியையும் அதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி இரண்டாவது ஃபிளாப்பியில் வைக்க வேண்டும். செருகினால் தானே ஓட வேண்டும், அந்தக் கணினியிடம் எதையும் கேட்கக் கூடாது. "கடையில சாப்பாடு தாப்பாவ் கட்டுற மாதிரிடி. சோறு, கறி, சம்பல், கரண்டி, எல்லாம் பொட்டலத்துக்குள்ள இருக்கணும். போற வீட்ல உப்பு இருக்கும்னு நம்பக் கூடாது" என்றாய்.

கட்டும் வேலை என்னுடையது. ஆறு வாரம், வேலைவிட்டு வந்து அதைத்தான் செய்தேன். ஒரு கோப்பைக் கூப்பிட்டால் அது இன்னொன்றைக் கூப்பிடும், அது இன்னும் இரண்டைக் கூப்பிடும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் குடும்பத்தோடு வருகிற கதை. எது கட்டாயம் வேண்டும், எதை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, நறுக்கி, சுருக்கி, கடைசியில் ஒரு ஃபிளாப்பிக்குள் அடக்கினேன். ஃபேக்டரியைத் தவிர எதுவும் தெரியாத நான் செய்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

எழுதி திறக்கும்போது முதல் திரையில் ஒரு பெயர் வரும்படி செய்திருந்தாய். உன் பெயர் மட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கீழ்வீட்டு ஆன்டி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சீங்க?" என்று கேட்டார். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எழுதினேன் ஆன்டி, இவ பொட்டலம் கட்டுனா" என்றாய். வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டே நாளில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை.

பள்ளியில் காட்டுவதற்கு முந்தைய நாள், ழகரத்தின் கால் திரையில் வெட்டுப்படுகிறது என்று எழுத்துருவைத் திருத்தினாய். அதற்கு ஏற்றபடி வரி உயரத்தையும் மாற்றினாய். மத்தியானம் கணினிகளை அடுக்கி வைக்கக் கிள்ளானுக்குக் கிளம்பினாய். மறுபடியும் கட்டி, சோதித்து, ஏழு பிரதி எடுத்துக்கொண்டு காலையில் வர வேண்டியது நான். ஒரு தாளில் ஒன்பது சோதனைகளை எழுதி வைத்துவிட்டுப் போனாய், ஃபேக்டரி செக்லிஸ்ட் மாதிரியே. ஏழாவது, "ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்." அதற்கு அடியில் இரண்டு கோடு.

ஆறு சோதனைகளைச் செய்தேன். எல்லாம் அழகாக ஓடியது. ழகரம் காலை நீட்டிக்கொண்டு நின்றது. கேபிளைக் கழற்ற வேண்டுமானால் கணினியைச் சுவரிலிருந்து நகர்த்தி, உள்ளே கையை விட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவர் மேசையில்தான் கிடந்தது. நான் முதல் திரையில் இருந்த உன் பெயரைப் பார்த்தேன். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது மூன்றுக்கும் மளமளவென்று டிக் போட்டேன். கோபத்தில் போட்டேனா, கை பழக்கத்தில் போட்டேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். இரண்டும்தான். பொட்டலம் கட்டுகிறவள் பொட்டலம் கட்டினாள், அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளி மண்டபத்தில் ஏழு கணினிகள், ஏழு பிள்ளைகள், பெற்றோர் சங்கத்தார், மற்றப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் மூன்று பேர், உன் கணினி வகுப்புக்காரர். நீ மஞ்சள் புடவை கட்டியிருந்தாய். ஏழிலும் ஃபிளாப்பியைச் செருகினோம். ஏழும் எழுந்தன. பிள்ளைகள் தங்கள் பெயரை அடித்தார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. காலியான கட்டங்கள். ஏழு திரையிலும்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பழைய எழுத்துருவை எடுத்துவிட்டு, திருத்தியதை நான் பொட்டலத்துக்குள் போடவே இல்லை. அது நம் அறையில், நம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. எழுதி அங்கிருந்து எடுத்துத்தான் நேற்று அவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறது. கேபிளைக் கழற்றியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அறைக்கு ஓடிப் போய் எடுத்து வரலாம், ஆனால் கம்யூட்டர் ரயிலில் போக வர மூன்று மணி நேரமாவது ஆகும். வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனாலும் சொல்லியிருக்கலாம். "நான் ஒரு கோப்பை விட்டுட்டேன், இவ எழுதினதுல ஒரு குறையும் இல்ல" என்று ஒரு வரி.

நீ ஒவ்வொரு கணினியாக ஓடினாய். வியர்வை புடவை முதுகில் படிந்தது. பெற்றோர் சங்கத் தலைவர், ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன் லா. தமிழுக்கு டைப்ரைட்டர் போதும். கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ், மலாய் சொல்லிக் குடுங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். நீ நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடதுதான் சார். நேத்து கடைசி நேரத்துல நான்தான் ப்ரோகிராம்ல கை வச்சேன்" என்றாய். நான் உனக்கு இரண்டடி பின்னால், ஃபிளாப்பி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கிள்ளான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நீ ஒரே ஒருமுறை கேட்டாய். "கேபிள கழட்டிப் பாத்தியாடி?"

"பாத்தேன் லா. நல்லாத்தான் ஓடுச்சு" என்றேன்.

"அப்போ நம்ம ஸ்க்ரீன் கார்டுல மட்டும்தான் ஓடியிருக்கு. வரி உயரத்த மாத்துனேன்ல, அதுதான்" என்றாய். அதோடு முடிந்தது. ஒரு டிரைவ் ஓடுகிறதா என்று மூன்று முறை பார்க்கிறவள், நான் சொன்னதை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. அதற்காக எனக்கு உன் மேல் எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? அந்த ஃபிளாப்பியை நீ ஒரே ஒருநாள் திறந்து பார்த்திருந்தால் போதும், கண்டுபிடித்திருப்பாய். காறித் துப்பியிருப்பாய். எனக்கும் தலைமேல் இருந்தது இறங்கியிருக்கும். நீ திறக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீ அந்தச் சோற்றுப் பக்கமே வராமல் போய்விட்டாய்.

அடுத்த திங்கட்கிழமை என் பக்கத்து ஸ்டூலுக்குத் திரும்பி வந்தாய். கணினியை விற்றுவிட்டாய். வகுப்புக்காரர் அதன் பிறகு உன் பேச்சை எடுக்கவில்லை. கல்யாணம் ஆகி சுங்கை பூலோ போனாய், அங்கேயே ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை பார்த்தாய். தீபாவளிக்குத் தீபாவளி நான் வருவேன். முறுக்கு வைப்பாய், பிள்ளையைப் பற்றிப் பேசுவாய். ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் டாக்சி ஏறுவேன். வீட்டுக்குள் வந்ததும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு முறுக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கடையில் அந்த வாடை அடித்த மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் காப்பி போட்டுக் கொடுத்தாள். கும்பிட வைத்திருந்த உன் படத்துக்கு நேராக உட்கார வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்துரு, கேபிள், டிக், பிளாட்பாரத்தில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன். அவளுக்குக் கணினி விஷயம் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஆன்டி, ஃபார்ம் சிக்ஸ் முடிச்சப்ப நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்கணும்னு அழுதேன். அம்மா விடவே இல்ல. 'நமக்கு அது வராதும்மா, நான் பண்ணிப் பாத்துட்டேன், ஏழு பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்பட்டுட்டேன்'னு சொன்னாங்க. நான் எக்கவுன்ட்ஸ் படிச்சேன். இத அப்பவே அம்மாகிட்ட சொல்லியிருந்தா என்ன ஆன்டி?"

என்னிடம் பதில் இருந்தது. "உங்கம்மா என் பேரப் போடல, அதான் சொல்லல." அதை உன் படத்துக்கு முன்னால், உன் மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னாலும் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவள் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

"போயிட்டு வரேம்மா" என்று எழுந்தேன். அவள் கேட்டைத் திறந்துவிட்டு, "சரி" என்றாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், பிறகு அடுத்த பள்ளியைத் தேடியிருப்பாய். உன் மகளையும் கணினி முன்னால் உட்கார வைத்திருப்பாய். உன்னை நான் அந்த ஸ்டூலுக்குத் திருப்பி அனுப்பியது மட்டுமில்லை, பயந்தவளாகவும் ஆக்கினேன். அந்தப் பயத்தை நீ பெற்ற பிள்ளைக்கும் ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அவளிடம் கேட்டாயிற்று, அவளால் தர முடியவில்லை. தந்திருக்கக்கூடியவள் நீ. உன்னிடம் நான் கேட்கவே இல்லை.