சித்திரையில் உறைந்த எண்ணெய்

மச்சான்,

நேற்றுக் காலையில் குளிக்கப் போனேன். மாடத்தில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. தை பிறந்தும் பனி விடவில்லை. எண்ணெய் வெள்ளையாக உறைந்து பாட்டிலின் கழுத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறட்டும் என்று சுவர்மேல் வைத்தேன். உன் அக்கா வந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாளைக்கு அவனுக்கு வருஷம். எலையில அந்த முட்டாய வெக்கணும்யா" என்றாள். பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர் வீட்டுப் பெண் அல்லவா, என் பேச்சைத் திருத்திப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஆக்கிவிடுகிறாள். அதற்கு ஒப்புக்கொண்டேன். நாம் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே போடம்மா என்று சொல்லியிருக்கிறேன். நீ புத்தகத் தமிழ் பேசினால் யாருக்கும் உன்னை அடையாளம் தெரியாது.

அந்தச் சித்திரை மாதம் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. உன் அக்காவுக்கு வாயில் புண் வந்து, அது கெட்ட புண் என்று சொல்லி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள்; ரேடியேஷன் என்கிறாள் மருமகள். புண் அடங்கியது. ஆனால் வாய் முழுக்க வெந்துபோய்விட்டது. சோறு குத்தியது. ஆறின கஞ்சியும் எரிந்தது. தண்ணீரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவாள். போகிறபோதெல்லாம் எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. "அடுத்த தடவை இன்னும் குறைஞ்சிருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு உன் லோடு ஆட்டோவில்தான் திரும்பினோம். விடியற்காலையில் மகாபலிபுரம் கரைக்குப் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றிப் போய், திரும்பும்போது திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு வருகிற வண்டி. எங்களுக்காக ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு வந்திருந்தாய். வழியெல்லாம் உன் அக்கா வெளியே பார்த்தபடி வந்தாள். ஊர் நெருங்கும்போதுதான் பேசினாள்.

"கொழா மாட்டிகினு நான் ஊருக்குள்ள வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாய். அவள் வண்டியிலேயே இருந்தாள். நாம் இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம். நீதான் ஆரம்பித்தாய்.

"மாமா, சின்ன புள்ளையில அக்கா இன்னா பண்ணும் தெரியுமா? மார்கழில எண்ண ஒறைஞ்சி கெடக்கும் இல்ல, அத்த வெரல்ல நோண்டி வெல்லத்துல தொட்டுத் துன்னும். அம்மா தொடப்பத்தாலயே போடும். அப்பவும் வுடாது."

"அதுக்கு இன்னாடா இப்போ?"

"அத்த மெல்லவும் வேணாம், முழுங்கவும் வேணாம். வாயில வெச்சா அதுவா கரைஞ்சி உள்ள பூடும்."

"சித்திரை வெயில்ல எண்ண எப்டிடா ஒறையும்? லூசு."

நீ வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாய். அங்கே ஐஸ் பெட்டி இருந்தது. அப்புறம் அந்த நர்ஸுக்குப் போன் போட்டு, எண்ணெயும் வெல்லமும் கொடுக்கலாமா என்று கேட்டாய். காரம், மசாலா இல்லாமல் கொடுத்துப் பாருங்கள் என்றாள்.

எண்ணெய்க்குக் குறைவில்லை. நான் தோப்பில் மட்டை உரித்துக் கொண்டு வந்த காய்களைக் காயவைத்துச் செக்கில் ஆட்டியது வீட்டிலேயே இருந்தது. பனைவெல்லத்தை இடித்து என் பழைய வேட்டியில் சலித்தோம். சேர்ந்து நிற்பதற்குப் பொட்டுக்கடலை மாவு. நீ வாசனைக்கு ஏலக்காய் தட்டிப் போட்டாய். அவள் நாக்கு நுனியில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு ஏலக்காய் இல்லாமல் மறுபடியும் ஆரம்பித்தோம். எல்லாவற்றையும் கலந்து ஐஸ் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். உறைந்த பிறகு எடுத்தால் எண்ணெய் தனியாக மேலே, வெல்லமும் மாவும் அடியில்.

"மேல தண்ணி, கீழ சேறு. நம்ம ஏரி மாதிரியே கீது மாமா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உறைகிற வரைக்கும் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் வெல்லம் அடியில் தங்காது என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. அண்டாவில் ஐஸை உடைத்துப் போட்டு, அதற்குள் பாத்திரத்தை இறக்கி நீ பிடித்துக்கொண்டாய். நான் கரண்டியால் சுற்றினேன். தண்ணீராக இருந்தது மெல்ல மெல்லத் தயிர் மாதிரி ஆயிற்று. "சுத்து மாமா, நிறுத்தாத... சுத்து... ஆங், இப்போ நிறுத்து!" அந்த நேரம் தப்பினால் கட்டி தட்டிவிடும். தூக்கு மூடியில் ஊற்றிக் கத்தியால் வில்லை போட்டோம். அப்போது எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மூடியைக் கொண்டுபோய் உன் மீன் பெட்டியில், மீனுக்கு மேலேயே வைத்தாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சாயந்திரம் ஒரு வில்லையை எடுத்து அவள் வாயில் வைத்தாய். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துப்பிவிடுவாளோ என்று நான் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தாள்.

"இன்னா மீனுடா இது?"

உன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "கானாங்கெளுத்திக்கா" என்றாய், திருடன் மாதிரி.

"அதான பார்த்தேன். வஞ்சிரத்து மேல வெக்கக்கூடாது? அக்காவுக்குன்னா கானாங்கெளுத்தியா?"

அவள் சிரித்தாள். சிரித்தால் வாய் வலிக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். இன்னொரு வில்லை.

மறுநாள் நீ பெட்டியைத் தேய்த்துக் கழுவி, அதற்குத் தனி டப்பாவும் வாங்கி வந்தாய். அதிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அவள் ஒரு முறை சப்பிவிட்டு வைத்துவிட்டாள். "நேத்தியது மாதிரி இல்ல. வெறும் எண்ண வாசனதான் வருது. அந்தப் பெட்டியிலயே வைடா" என்றாள். அதிலிருந்து தினமும் மீனோடுதான் அது உறைந்தது. நீ வாசலில் ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து கேட்பாள், "இன்னிக்கு இன்னா?" நீ சொல்லக்கூடாது, அவள்தான் கண்டுபிடிக்கணும். அந்த விளையாட்டுக்காகவே வாயைத் திறந்தாள். வாயில் வைத்ததும் நீ கேட்பாய், அவள் சொல்வாள். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வாள்.

அந்த வில்லைதான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். வைத்தியம் பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் எண்ணெய் இறங்கிய வழியில் பின்னாலேயே கேழ்வரகுக் கூழ் இறங்கியது. அதற்கும் பின்னால் குழைந்த சோறு. அடுத்த தடவை எடை பார்த்தபோது குறையவில்லை. ஏறவும் இல்லை. குறையாததே போதும் என்று குழாயை விட்டுவிட்டார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, "ஐஸு முட்டாய் சிஸ்டர்" என்றாய். அவள் உன்னை அடிக்க வந்தாள்.

நோயாளி இருக்கிறாள், மச்சான். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவன் போய்விட்டாய். போன தையில் ஐஸ் ஏற்றிவிட்டு வண்டியில் உட்கார்ந்தவன் சாவியைத் திருப்பவே இல்லை என்று சொன்னார்கள்.

நேற்று மத்தியானம் மருமகளும் நானுமாக வில்லை போட்டோம். இப்போது பிரிட்ஜ் இருக்கிறது. அவள் பூப்போட்ட அச்சு வைத்திருக்கிறாள். நான் கலக்கினேன். தயிர் பதம் வந்தபோது, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு சுற்று கூடச் சுற்றிவிட்டேன். இருந்தாலும் அழகாகத்தான் வந்தது. உன் அக்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாதான் கீது. கடையில வாங்கினது மாதிரி."

அது வேண்டாம் என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது, மருமகளுக்கும் புரிந்தது.

இன்றைக்கு முதல் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மகாபலிபுரம் போனேன். பனி இருந்ததால் வில்லை இளகவில்லை. கரையில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து, "இன்னா பெர்சு, மீனுக்கு இம்மாந்தூண்டு டப்பாவா? இத்துல நெத்திலிகூட நொழையாது" என்றாள்.

"வாங்க வரல தாயி. உன் பெட்டியில கொஞ்ச நேரம் இத்த வெச்சி எடுத்துக்கறேன்."

எதற்கென்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை.

"ஐஸு வண்டிக்காரு மாமனா நீ? எனக்கு எப்பவும் ஒரு கட்டி கூடப் போட்டுட்டுப் போவாரே" என்று பெட்டியைத் திறந்து மீனை ஒதுக்கி டப்பாவை வைத்தாள். நான் பெட்டியை மூடப் போனேன். "டப்பா மூடியத் தொறந்து வைய்யா. மூடிகினு கெடந்தா எப்டி வாசன ஏறும்?" என்றாள்.

வெயில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

படையலில் சோறு, வடை, வஞ்சிரம் குழம்பு, நடுவில் அந்த வில்லை. சுவர்மேல் காக்கைக்குச் சோறும் ஒரு வில்லையும் வைத்தோம். காக்கை வந்து சோற்றை எடுத்தது. வில்லையை ஒரு கொத்து கொத்திவிட்டு விட்டுவிட்டது. "பாரு, இன்னிக்கும் தொட மாட்றான்" என்றாள் உன் அக்கா. அவள் சொன்னது சரி. அத்தனை நாள் கொண்டு வந்து கொடுத்தாயே, நீ ஒன்றுகூடத் தின்றதில்லை. "ஐய, நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

சுவர்மேல் இருந்தது உருகி வழிந்தது. இலையில் இருந்ததை அவள் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த மீன் பெட்டி என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

"சங்கராடா" என்றாள், உன் படத்தைப் பார்த்து.

சங்கரா மீன்தான், மச்சான். இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டாள்.

பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் அந்தப் பெட்டிக்குள் விட்ட கை, எண்ணெயும் மீனுமாக இன்னும் மணக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து சொல்லுங்கள் மாமா, நாற்றம் தாங்கவில்லை என்று மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திட்டுகிறாள். அதையும் எழுது என்றேன். கழுவிக்கொள்ளலாம், நாளைக்கு.