கனவில் அப்பா கூப்பிட்ட சொல்லைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
லிசம்மா குருவிள,
தையல்கடை, படகுத்துறைச் சாலை,
வைக்கம், கேரளம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
‘இலஞ்சி’ சமூகச் செயலி,
கொச்சி.

பொருள்: ‘புலரிக் கனவுகள்’ குழுவில் உறுப்பினர் நிவேதின் பதிவுகளில் நான் செய்த திருத்தத்தை நீக்கவும், என்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி குழுவை நான்கு ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். கண்விழித்ததும், படுக்கையைவிட்டு எழுமுன் கனவை எழுதிவிடுவது எங்கள் வழக்கம். தண்ணீருக்கடியில் தேர்வு எழுதியவர்கள் உண்டு. வேம்பநாட்டுக் காயலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார் ஒருவர். “லக்கேஜ் டிக்கெட் எடுத்தீங்களா?” என்று கேலி செய்தார்களே தவிர, யாரும் ஆதாரம் கேட்டதில்லை.

2. நிவேத் சேர்த்தலையில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, ஆணாக வாழ்பவன். ‘அவர்’ என்று எழுதி நான் நழுவிக்கொள்ளலாம். மனுவுக்கும் அது மரியாதை. ஆனால் அவன் எங்களிடம் கேட்டுக்கொண்டது ‘அவன்’ என்பதைத்தான். நான் அவனை நேரில் பார்த்ததில்லை. என் கனவில் இரண்டு முறை வந்திருக்கிறான், இரண்டு முறையும் மீசையோடு.

3. சென்ற மாதம் ஓர் உறுப்பினர், “அது எங்க ஊர்ப் பொண்ணு. மீசை வரைஞ்சா ஆம்பளையா?” என்று புகார் செய்தார். அடையாள அட்டையிலுள்ள பாலினப்படியே உறுப்பினரைக் குறிப்பிட வேண்டும் என்ற தங்கள் ஏழாம் விதியைப் பார்த்தேன். வம்பு எதற்கு என்று ‘திருத்து’ பொத்தானை அழுத்தினேன். ஒரு பதிவு மாறும் என்று நினைத்தேன். அவனுடைய இருநூற்றுப் பதினொரு கனவுகளும் மாறிவிட்டன.

4. அவற்றுள் ஒன்று: காயல் முழுக்கப் பனி. அவனுடைய இறந்துபோன அப்பா, படகு எதுவும் இல்லாமல் தண்ணீர்மேல் சம்மணமிட்டுச் சோறு பிசைகிறார். அவனைப் பார்த்ததும், “வாடா மோனே, கறி ஆறுது” என்கிறார். நான் பொத்தானை அழுத்தியபின் அவர், “வாடி மோளே” என்கிறார்.

நிவேத் எனக்கு எழுதினான்: “சேச்சி, அப்பா உயிரோட இருந்தப்ப ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. கனவுல வந்துதான் கூப்பிட்டாரு. அதையும் திருத்திட்டீங்களே.” அன்றே குழுவைவிட்டுப் போய்விட்டான். வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு நான் அழுதேன். மனுவில் இதை எழுதக்கூடாது என்றால் அடித்துவிடுங்கள்.

5. திருத்தப்பட்ட பதிவுகளின் மூலப் பிரதிகள் முப்பது நாளில் அழிந்துவிடும் என்கிறது தங்கள் செயலி. இன்று இருபத்தாறாம் நாள். மேல்முறையீட்டுப் படிவத்திலோ அட்டையிலுள்ள பழைய பெயரில்தான் கையெழுத்திட வேண்டுமாம். அவன் மறுக்கிறான். “அந்தப் பேர்ல கையெழுத்துப் போட்டு அப்பாவைத் திருப்பி வாங்கினா, அவரு யாரைக் கூப்பிடுவாரு, சேச்சி?” என்கிறான்.

ஆகவே, மீதமுள்ள நான்கு நாட்களுக்குள் மூலப் பதிவுகளை மீட்டுத் தரவும், உறுப்பினர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே பிறரும் குறிப்பிடும்படி ஏழாம் விதியை மாற்றவும் கேட்டுக்கொள்கிறேன். அவன் போட மறுக்கும் கையெழுத்துக்குப் பதிலாக என்னுடையதை ஏற்றுக்கொள்ளுங்கள். தவறு என்னுடையது; குழுவின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள். அந்த மனிதர் தம் மகனைச் சரியாகத்தான் கூப்பிட்டார்.

இடம்: வைக்கம்
நாள்: 12.12.2023

இப்படிக்கு,
லிசம்மா குருவிள
(ஒப்பம்)