முந்நூற்றில் இருநூறு

நாள் 1, 08:00
ஆய்வுக்கூடு எட்டு. எழுதுவது வேணி. தாய்க்கப்பலை விட்டுத் தள்ளி மிதக்கும் இந்தக் கூட்டில் நான் ஒருத்திதான்; படுக்க உறைகூண்டும் இல்லை. விண்கல் இடித்த தாய்க்கப்பலில் அறுபது பேர். அங்கே காற்று ஐந்து நாளுக்கு. மீட்புக் கலம் வர ஆறு ஆண்டு ஆகும். அதுவரை அவர்கள் எல்லோரும் உறைகூண்டுகளில் தூங்கிக் கிடக்க வேண்டும்.

கூண்டுகளில் நிரப்பக் கப்பலில் உறைதிரவம் இரண்டு வகை. ஒன்று நான் உருவாக்கியது, மற்றது கப்பலில் இருக்கும் ஜுலைகா உருவாக்கியது. எது மேல் என்று மீன்கருக்களை உறையவைத்து உருக்கிச் சோதிக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் முந்நூறு கரு. சமமென்றால் என்னுடையதே, நிரப்ப நேரம் குறைவு.

நாள் 3, 19:40
இருநூறு வீதம் உருக்கியாயிற்று. பிழைத்தவை: என்னுடையதில் 172, அவளுடையதில் 184. வித்தியாசம் ஆறு சதவீதம். சோதனை மதிப்பு 1.92. அது 1.96ஐத் தொட்டால்தான் தற்செயல் அல்ல என்று சொல்லலாம்.

மீதி நூறு நூறு உறைபெட்டியில் இருக்கின்றன. எடுக்கவில்லை.

கப்பலின் அலைவரிசை திறந்தே கிடக்கிறது. ஜுலைகா எதையோ சொல்ல, கேப்டன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஏழு ஆண்டுகளாக என்னிடம் அவர் கேட்டது அறிக்கை மட்டும்.

நாள் 3, 20:05
அனுப்பினேன்: “குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.” பொய் இல்லை.

கேப்டன்: “அப்ப வேணியோடதே போதும். நல்ல வேலைம்மா.”

ஜுலைகா: “தோத்துட்டேனா? சரி விடு புள்ள. உன் மருந்துல தூங்கி, கனவுல உன்னையே திட்டுறேன்.”

மறுபடி கேப்டனின் சிரிப்பு. தோற்றாலும் அவளுக்குத்தான்.

நாள் 5, 11:15
உறைபெட்டி நின்றுவிட்டது. மீதிக் கருக்கள் தாமாக உருகுகின்றன. எண்ணாமல் விட்டிருக்கலாம்.

நாள் 5, 13:05
முந்நூற்றுக்கு என்னுடையது 255. அவளுடையது 276. மதிப்பு 2.69. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தற்செயல் அல்ல.

ஐம்பத்தொன்பது பேர் தூங்கிவிட்டார்கள், என் திரவத்தில். வித்தியாசம் ஏழு சதவீதம். அறுபது பேரில் நான்கு உயிர்.

மற்றவர்களின் கூண்டுகளை மூடிய ஜுலைகா மட்டும் விழித்திருக்கிறாள். அவள் கூண்டிலாவது அவளுடைய திரவத்தை நிரப்ப இன்னும் நேரம் இருக்கிறது.

நாள் 5, 14:10
ஜுலைகா: “எல்லாரையும் படுக்க வெச்சாச்சு. கேப்டன் அக்கா குறட்டை விட்டுக்கிட்டேதான் உறைஞ்சாங்க. இனி நான்தான். ஏ புள்ள, அந்த மீதி நூறு என்னாச்சு? எண்ணுனியா?”

நாள் 5, 14:12
“பெட்டி பழுதாயிடுச்சு,” என்றேன். “நல்லாத் தூங்கு.”

“உன் கணக்கை நம்பித்தான் படுக்குறேன்,” என்றாள்.

நாள் 5, 14:50
அவள் கூண்டும் மூடிக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று முறை.

இதைக் கண்டெடுப்பவர் ஜுலைகாவிடம் காட்டலாம். அவள் எழுந்தால்…